வயது சென்றவர்கள் தனியே பிரயாணம் போகலாமா?



அறுபதைக் கடந்த தாயார் ஒருத்தி ஒரு நாள் காலையில், துணைக்கு யாரையும் அழைக்காமல், கையில் ஒரு துணிப்பையும் சில நூறு ரூபாயும் எடுத்துக்கொண்டு, "மணப்பாடு வரை போய் வருகிறேன்" என்று புறப்பட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? முதலில் "எதற்கு?" என்பார்கள். பிறகு "யாரோடு?" என்பார்கள். யாரோடும் இல்லை என்று பதில் வந்தால், வீட்டிலே ஏதோ மனஸ்தாபம் என்று அடுத்த வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். மகனுக்கோ தாயின் முழங்காலைப்பற்றிய கவலை பாதி. "பெற்றவளைத் தெருவில் விட்டுவிட்டான்" என்று ஊர் பேசுமே என்ற கவலை மற்றப் பாதி. முதல் கவலை அன்பிலிருந்து வருகிறது. இரண்டாவது எங்கிருந்து வருகிறதென்று மகன்மாரே ஆத்தும சோதனை செய்துபார்க்கட்டும்.

நான்காம் கற்பனை பெற்றோரைச் சங்கிக்கச் சொல்லுகிறது. அவர்களைக் காவலில் வைக்கச் சொல்லவில்லை. இதை யோசிக்கும்படி என்னைத் தூண்டியது, எனக்கு அறிமுகமான ஒரு விதவைத் தாயாரின் காரியம். அவர்களுக்கு வயது அறுபத்தேழு. வாழ்நாளில் அவர்கள் ஏறிய ரயிலெல்லாம் ஒரு கலியாணத்துக்கு, ஒரு சாவுக்கு, ஒரு மகளின் பேறுகாலத்துக்கு, அல்லது ஆஸ்பத்திரிக்கு. எங்கே இறங்குவது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் எப்போதும் வேறொருவர் தீர்மானித்தார்கள். கணவர் இறந்து இரண்டு வருஷம் சென்றபின், ஒரு புதன்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்புவதற்குப் பதிலாகத் திருநெல்வேலி ஸ்டேஷனுக்குப் போய், கோட்டாற்றுச் சவேரியார் கோவிலைப் பார்க்கலாமென்று நாகர்கோவிலுக்குச் சாதாரண டிக்கெட் ஒன்று வாங்கினார்கள். ஆனால் வண்டி ஆரல்வாய்மொழியில் நின்றபோது ஜன்னல் வழியே மலையைக் கண்டு, அங்கேயே இறங்கிவிட்டார்கள்! 1752-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி தேவசகாயம் பிள்ளை சுடப்பட்டு உயிர் கொடுத்த காற்றாடிமலை அதுதான். 2022 மே மாதம் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்த சமயம் பிரசங்கத்தில் கேட்டது அவர்கள் நினைவுக்கு வந்ததாம். அங்கே செபமாலை சொல்லிவிட்டு, வழி கேட்டு, பஸ் ஏறி, அவருடைய சரீரம் அடக்கம் செய்யப்பட்ட கோட்டாற்றுக் கோவிலுக்குப் போய், இருட்டும் முன் வீடு வந்து சேர்ந்தார்கள். மொத்தச் செலவு இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை.

"என்ன கண்டீர்கள்?" என்று கேட்டேன். "ஒன்றும் பெரிதாக இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது முன்பின் தெரியாத ஒரு பிள்ளை டீ வாங்கிக் கொடுத்தாள். நான் வாங்கிக் குடித்தேன்" என்றார்கள். நாற்பது வருஷம் பிறருக்கே டீ போட்டுக் கொடுத்த கை அது என்பதை அறிந்தவர்களுக்குத்தான் இந்த வார்த்தையின் பாரம் புரியும்.

வயது சென்றவர்கள் புறப்படுவதற்கு வேதாகமத்திலே அத்தாட்சி உண்டா என்று சிலர் கேட்பார்கள். அபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு 75 வயது. போகும் இடம் இன்னதென்று அறியாமலே புறப்பட்டார். ஆனால் மனைவி, சகோதரன் மகன், சேர்த்த சொத்து, ஊழியர் எல்லோரையும் அழைத்துக்கொண்டல்லவோ போனார்! ஆகையால் திடீர்ப் பிரயாணத்துக்கு அவரைச் சாட்சியாக அழைக்கலாமேயன்றித் தனிப் பிரயாணத்துக்கு அழைக்க முடியாது.

அதற்கு அர்ச். இஞ்ஞாசியார் இருக்கிறார். 1523-ல் அவர் பார்செலோனாவிலிருந்து எருசலேமை நோக்கிப் புறப்பட்டபோது, துணைக்கு வரச் சிலர் ஆயத்தமாயிருந்தும் வேண்டாமென்றார். துணைவன் ஒருவன் இருந்தால், பசித்தபோது அவன் உணவு தருவான் என்றும், விழுந்தால் அவன் தூக்குவான் என்றும் எண்ணத் தோன்றும். அந்த நம்பிக்கையைச் சர்வேசுரன் ஒருவர்மேலேயே வைக்க அவர் ஆசைப்பட்டார். மிஞ்சியிருந்த சில செப்புக் காசுகளையும் கடற்கரைப் பலகை ஒன்றின்மேல் வைத்துவிட்டுக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு போல் இருக்கும். அந்த வயதில் விழுவது ஒரு பேச்சு; அறுபத்தேழில் விழுவது இடுப்பெலும்பு. எனவே காசைப் பலகையில் வைத்துவிட்டுப் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மருந்துச் சீட்டும், மகனுடைய தொலைபேசி எண்ணும் பையில் இருக்கட்டும். ஆயினும் அவர் சொன்ன நியாயம் நியாயமே. பதினெட்டுப் பேராக வேன் பிடித்துத் திருத்தலம் போகும் நம்மவர்களைப் பாருங்கள். கோவிலில் ஐந்து நிமிஷம், கடைத்தெருவில் ஒரு மணி நேரம், ஜன்னலோர இடத்துக்காகச் சண்டை! தனித்தீர்வையிலே இந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரும் நம்மோடு வரப்போவதில்லை. ஒரு பகல் முழுதும் சர்வேசுரனோடு தனித்திருக்கப் பழகிக்கொள்வதில் என்ன குற்றம்?

செலவைப்பற்றியும் ஒரு வார்த்தை. முதியோருக்கு ரயில்வே கொடுத்துவந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. இருந்தாலும் முன்பதிவில்லாத சாதாரண வகுப்பு ஏழைக்கும் எட்டும் விலைதான். 2021 மே மாதம் நம் மாகாண அரசாங்கம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களைக் கட்டணமின்றி ஏற்றிச் செல்லத் தொடங்கியபோது, எத்தனையோ தாய்மார் பக்கத்து ஊரையே முதல்முறையாகப் பார்த்தார்கள். ஆனால் சிக்கனமாகப் போவதும், ஏழையாக இருப்பதும் ஒன்றல்ல. மாதந்தோறும் பென்ஷன் வாங்குகிறவர், பிளாட்பாரத்தில் இட்லி விற்கும் கிழவியிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடி, அதைத் துறவறம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. பசித்தவர்கள் நிற்கும் அன்னதான வரிசையில் முன்னே போய் நிற்பதும் அப்படியே. நம் சிக்கனத்துக்கு ஆகும் செலவை நம்மைவிட எளியவர் தலையில் கட்டினால், வீட்டிலேயே இருந்திருப்பது உத்தமம்.

வீட்டிலே நோயாளிக் கணவன் கிடக்க, அவனைக் கவனிக்க வேறு ஆளில்லாதபோது, மனைவி யாத்திரை போவதும் தகாது. "பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை" என்பது நியாயமான தடையா? சில சமயம் ஆம். ஆனால் ஐந்து வருஷமாக ஒரு நாளாவது அது தடையாக இல்லாத நாள் கிடைக்கவில்லையென்றால், அந்த வீட்டில் பாட்டியம்மாள் இருக்கவில்லை, சம்பளமில்லாத வேலைக்காரி இருக்கிறாள்.

சொல்லாமல் போவதைப்பற்றி மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். பன்னிரண்டு வயதிலே சேசு பாலன் பெற்றோருக்குத் தெரியாமல் எருசலேமில் தங்கியபோது, தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் மூன்று நாள் பட்ட வியாகுலத்தை நாம் செபமாலையில் தியானிக்கிறோம். நம் பிள்ளைகளும் அப்படித் தேடித் தவிக்கும்படி நாம் செய்யக் கூடாது.

உயிர்த்த ஆண்டவர் அர்ச். இராயப்பரிடம், முதுமையில் வேறொருவன் உன் இடுப்பில் கச்சை கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்ற கருத்துப்படச் சொன்னதை அருளப்பர் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்திலே காண்கிறோம். அது அவருடைய மரணத்தைக் குறித்தது என்று சுவிசேஷகரே விளக்குகிறார். நமக்கும் அப்படி ஒரு காலம் வரலாம். படுக்கையிலிருந்து நாற்காலிக்குப் போகவும் பிறர் கை வேண்டியிருக்கலாம். தானே கச்சை கட்டிக்கொள்ளப் பெலனுள்ள தாய்க்கு, அந்தக் கச்சையைப் பத்து வருஷம் முன்னதாகவே கட்டிவிட நமக்கு யார் உத்தரவு கொடுத்தது?

நான் சொன்ன அந்தத் தாயாருக்கும் மகனுக்கும் இன்னும் முழு சமாதானம் ஏற்படவில்லை. முந்தின இரவே சொல்ல வேண்டுமென்கிறார் மகன். விடிந்தால்தானே எனக்கே தெரியும் என்கிறார்கள் தாய். தற்போதைக்கு, புறப்படுமுன் சுவரிலுள்ள நாட்காட்டித் தாளில் ஊரின் பெயரை எழுதிவைப்பதென்று உடன்பாடு. சென்ற வாரம் அதில் "ஓரியூர்" என்று எழுதியிருந்ததாம். இராமநாதபுரம் பக்கம் அருளானந்தர் தலை வெட்டுண்ட ஊர் அது, ஒரே நாளில் போய்த் திரும்புவது கடினம் என்று நான்தான் மகனுக்கு எடுத்துச் சொன்னேன்.