உயிர் விலைப்பொருளாமோ?

எம்பாற் சிவஞானபோதச் சிற்றுரை பாடங்கேட்டுவரும் மாணாக்கர் ஒருவர், சின்னாட்களுக்கு முன் பாடம் முடிந்தபின் ஒரு வினா எழுப்பினர். அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்நாடகம் ஒன்றில், தமையன் ஒருவன் இறந்த தம்பியை எழுப்புதற்பொருட்டுத் தன் உயிரைப் பேய்க்கு விற்கின்றான் என்று கூறி, "ஐயா, உயிரை விற்றல் கூடுமா? அவன் செய்தது அறமா, மறமா?" என்றனர். பின்னர்ச் சிறிது தயங்கி, தம் இளவல் கொடிய நோயிற் கிடந்த இரவில், 'என்னுயிரைக் கொண்டு இவனை விடுக' என்று தாமும் இறைவனை வேண்டியதுண்டென்றும், இளவல் பிழைத்திலர் என்றும் தெரிவித்தனர். "பேய் விலையேனும் வாங்கிக்கொண்டு தருகின்றது, இறைவன் வாங்கவும் மறுத்தனனே" என்பது அவர் உள்ளத்துக் கிடந்த முள். அன்று யாம் கூறிய விடையைச் சற்று விரித்து ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இக்கதைமரபு மேனாட்டிற் பழமையானது. ஆதானா நகரத்துத் தியோபிலஸ் என்பார், இழந்த பதவியை மீண்டும் பெறுதற்குப் பேய்க்கு முறி எழுதிக் கொடுத்துப் பின் வருந்தினர் என்றும், ஏசுநாதரின் தாயார் அம்முறியை மீட்டளித்தனர் என்றும் கிறித்தவர் கூறுவர். ஜெர்மனியிற் பிராங்க்பர்ட் நகரில் 1587-ஆம் ஆண்டு அச்சாகிய கதையில், பௌஸ்ட் என்னும் கல்விமான் 24 ஆண்டு போகத்திற்காகத் தன் குருதியால் முறி எழுதுகின்றான். தவணை முடிவிற் பேயாற் கொல்லப்பட்டு நரகெய்துகின்றான். கேதே என்னும் பெருங்கவி இயற்றிய நாடகத்திலோ, 1832-இல் வெளிவந்த இரண்டாம் பகுதியின் இறுதியில், அவன் உய்தி பெறுகின்றான்.

மாணாக்கர் கண்ட தொடர்நாடகம் 2005 முதல் 2020 வரை 327 பகுதிகளாக நடந்த 'சூப்பர்நேச்சுரல்' என்பது. அதன்கண் வாணிகம் நடைபெறுமாறு இது: தன் உருவப்படமும் இடுகாட்டு மண்ணும் கரும்பூனையின் எலும்பும் சிறு பெட்டியில் இட்டு நாற்சந்தியின் நடுவே புதைப்பின், செங்கண்ணுடைய பேய் தோன்றும். வேண்டியதைக் கேட்டு உடன்பட்டபின் முத்தத்தால் உடன்படிக்கை உறுதியாம். தவணை பத்தாண்டு. அது கழிந்தவழிப் பிறர் கண்ணுக்குப் புலனாகா நரகநாய்கள் போந்து, விற்றவனைக் கிழித்து, அவனுயிரை நரகிற்கு ஈர்த்தேகும். தமையனாகிய டீன் என்பானுக்கு 2007-ஆம் ஆண்டுப் பகுதியிற் கிடைத்த தவணை ஓராண்டே. அவனைக் காத்தற்பொருட்டு அவன் தந்தை முன்னரே தன்னுயிரைப் பேய்க்கு ஈந்தவன் என்பதும் கருதத்தக்கது.

விற்பனை என்பது பொருள், விற்போன், கொள்வோன், விலை என நான்கு உறுப்புடைத்து. இவற்றுள் ஒன்று பழுதுபடினும் அது செல்லாது. இவ்வுடன்படிக்கையில் நான்குமே பழுதுபடுமாறு காட்டுதும்.

முதலாவது பொருள். ஒருவன் விற்றற்குரியது அவனின் வேறாய் அவனுக்கு உடைமையாய் இருப்பது. 'என் கை', 'என் உடம்பு', 'என் மனம்' என்புழி, 'என்' என்றற்குரியது அவற்றின் வேறாய உயிரே என்று மெய்கண்ட நூலார் சாதிப்பர். 'அங்ஙனமாயின், என் உயிர் என்றும் வழங்குதலின் உயிரும் வேறாய உடைமையாம்' எனின், அற்றன்று. அஃது 'இராகுவினது தலை' என்றாற்போல ஒன்றனையே வேறுபோற் கூறும் வழக்கென்க. தலையே இராகு, உயிரே யான். அன்றியும், விற்றபின் அப்பத்தாண்டும் வாழ்ந்து இன்புறுவது யாது? விற்கப்பட்ட அவ்வுயிரே. விற்ற பொருளே விலையையும் துய்க்கும் வாணிகம் உலகில் யாண்டும் இல்லை.

இரண்டாவது விற்போன். உயிர் தன்வயமுடையதன்று, என்றும் பதிக்கு உடைமையும் அடிமையுமாய் உள்ளது. ஆண்டானுக்குரிய ஆள் தன்னைப் பிறன் ஒருவனுக்கு எழுதிக் கொடுத்த முறியை எவ்வவையும் ஏற்காது.

மூன்றாவது கொள்வோன். பேய்களும் முன்னொருகால் மக்களாய் இருந்தனவே என்றும், நரகில் நெடுங்காலம் வெந்து மக்கட்டன்மை இழந்தன என்றும் அத்தொடர்நாடகமே கூறுகின்றது. அஃதாயின் கொள்வோனும் விற்போனைப்போல ஒரு பசுவே. கயிற்றிற் கட்டுண்ட ஆ ஒன்று மற்றோர் ஆவினை விலைக்குக் கொள்ளுதல் எங்ஙனம்?

நான்காவது விலை. வாழ்நாளும் இன்பமும் இருவினைக்கீடாக இறைவன் கூட்ட வருவன. அவற்றை வழங்கும் உரிமை பேய்க்கு இன்று. தனதல்லாததைக் கொடுத்து, விற்போனதல்லாததைக் கொள்ளுதல் வாணிகம் எனப்படாது, களவு எனப்படும்.

அற்றேல், 'விற்பனை செல்லாதாயின், கதையில் வரும் கேடு முழுதும் பொய்யோ?' எனின், அதுவும் அன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பது சித்தாந்தத் துணிபு. அது கைம்மாறிப் போவதில்லை, சார்ந்ததுவாய் மாறிப்போகின்றது. இவ்வுண்மையை அத்தொடர்நாடகம் தன்னையறியாமலே நன்கு காட்டுகின்றது. டீன் நரகிற் கிடந்தது நிலவுலகக் கணக்கில் நான்கு திங்கள். ஆண்டைக் கணக்கில் 40 ஆண்டு. முதல் 30 ஆண்டு வதையுண்டான். பின்னர் ஆற்றானாய்ப் பத்தாண்டு பிற உயிர்களைத் தானே வதைத்தான். முத்தத்தாலும் முறியாலும் ஆகாத விற்பனை, அவன் பிறரை வதைக்கக் கருவி எடுத்த அன்றே நிகழ்ந்தது. நாற்சந்திக்கு ஏகாமலே நாள்தோறும் சிறிது சிறிதாக இவ்வாறு மாறுவார் நம்மிடையும் உளர். பொருளுக்காகப் பொய்க்கரி கூறுவானும், பதவிக்காக நண்பனைக் காட்டிக்கொடுப்பானும் முறி எழுதுவதில்லை. அவர் பெறுவது தவணையுமன்று.

இனி, அன்பினாற் செய்ததாகலின் அவன் செயல் அறமாமோ என்பது. தமிழில் உயிர் என்னும் ஒரு சொல்லே ஆன்மாவையும் உடம்போடு கூடிய வாழ்வையும் குறித்தலின் மயக்கம் நேர்கின்றது. பிறரைக் காத்தற்குத் தம் வாழ்வை ஈதல் பேரறம். ஆண்டு ஈயப்படுவது உடம்பே. பேய்க்கு ஈயத் துணிந்ததோ, அறத்தைச் சார்ந்து நிற்கும் தன் இயல்பினையே. அத்துணிவின் அடியில் தம்பிமேற் கொண்ட அருளும் உண்டு. 'அவனின்றி யான் இரேன்' என்னும் ஆற்றாமையும் உண்டு. முன்னையது போற்றற்குரியது. பின்னையது 'யான், எனது' என்பதன் வழித்தோன்றல். அதனாலன்றோ தந்தை தொடங்கியதை மகன் தொடர்ந்தான், மகன் நரகெய்தியபின் தம்பியும் தன்னை விற்க முயன்றான், கொள்வாரின்மையாலே ஒழிந்தான். ஒருவரை மீட்டற்கு ஒருவர் விழ, மீண்டவர் பெற்றது அவர் விழுந்த துயரமே.

இதனால் மாணாக்கர்க்கு யாம் கூறியது: "அப்பா, நீ வேண்டியது பிழையன்று, அழுதவழி வாய் சொல்லும் சொல்லை இறைவன் குற்றமாகக் கொள்ளான். ஆயின் நீ கொடுப்பதாகச் சொன்னது முன்னரே அவனுடையது. நீ மீட்க எண்ணிய இளவலும் அவனுடையவனே. தன் பொருளைத் தன் பொருளுக்கு மாறாக அவன் யாரிடத்து வாங்குவான்? அவன் மறுத்தது உன் அன்பையன்று, வாணிகத்தையே. பேய் வாங்கிற்றெனில், அதற்கு உரிமை இன்மையால் வாங்கிற்று. உன் இளவலோ கைவிடப்பட்டிலன். உடையவன் கையிலேயே உளன்."

முறி திரும்பிய தியோபிலஸ் கதையும், பௌஸ்ட் உய்ந்த நாடகமும், டீன் நரகினின்று தேவதூதனால் எடுக்கப்பட்ட 2008-ஆம் ஆண்டுப் பகுதியும் ஒன்றனையே ஒருவாறு உணர்த்துகின்றன: பேயின் கையிலுள்ள முறி இறுதியில் நில்லாது. கைப்பற்று வேறு; உரிமை வேறு. நரகமும் வினை ஒழியுந்துணையும் நிற்பதன்றி, என்றும் நிற்பதாகச் சித்தாந்தம் கொள்ளாது.

நில்லும் ஓலை ஒன்றே. மணநாளன்று முதிய அந்தணராய் வந்து, வழித்தொண்டு கூறி, நம்பியாரூரர் கிழித்தெறிந்த பின்னரும் மூல ஓலையை வெண்ணெய்நல்லூர் அவையிற் காட்டி ஆளாக்கிக்கொண்டானே, அவ்வோலை அது. அதில் விலையும் இல்லை, தவணையும் இல்லை. புதிதாக ஓர் உயிரைக் கொண்டது அன்று அது. என்றும் உள்ள ஆளுரிமையை மறந்தவர்க்கு நினைவூட்டியது. அவ்வோலைக்குட்பட்ட உயிரை விற்பாரும் இல்லை, கொள்வாரும் இல்லை என்று தெளிந்து, சார்பு ஒன்றனையே காத்துக்கொள்ளுதல் நம் கடன்.

திருச்சிற்றம்பலம்