“நன்றாகவே பார்த்தார்கள்” என்றால் போதுமா?



தாம்பரம், பல்லாவரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலே கர்ப்பிணிகளுக்கு எடை, இரத்த அழுத்தம், இரத்தம் எல்லாம் இலவசமாய்ப் பரிசோதிக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் தருகிறார்கள். வெளியே வரும் ஒருத்தியை, “எப்படியம்மா பார்த்தார்கள்?” என்று கேளுங்கள். “நன்றாகவே பார்த்தார்கள்” என்பாள். சந்தோஷமே. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு கடமை தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை என்பதே எமது எண்ணம். திருப்தி என்பது கிடைத்ததை மட்டும் பொறுத்ததன்று, எதிர்பார்த்ததையும் பொறுத்தது. எங்கும் அதட்டலே கேட்டுப் பழகியவள், ஒரு சுடுசொல் கேளாமல் வீடு திரும்பினாலே திருப்தியடைவாள். அடுத்த மாதமும் அங்கேயே வரவேண்டியவள் குறை சொல்லவும் அஞ்சுவாள். ஆகையால் ஏழையின் திருப்தி நமக்கு நற்சாட்சிப் பத்திரமாகாது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையென்று சொல்லலாகாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் விளங்கும் மகப்பேறு உதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2016இல், முன்பு நான்கு முறை என்றிருந்த பரிசோதனையைக் குறைந்தது எட்டு முறை என்றாக்கிற்று; தாய்க்குக் கர்ப்பகாலம் நல்ல அனுபவமாயிருக்க வேண்டுமென்றும் வற்புறுத்திற்று. எத்தனை முறை பார்த்தோம் என்பது ஒன்று. எப்படிப் பார்த்தோம் என்பது வேறொன்று.

இரத்த அழுத்தத்தை அட்டையில் குறிப்பது வேலை. கடுந்தலைவலியோ, கண்மங்கலோ, முகவீக்கமோ கண்டால் நாள் பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமென்று விளங்கச் சொல்வதே கவனிப்பு. சொல்லாமல் விட்ட அந்த வார்த்தையால் இரண்டு உயிர் போகக்கூடும். சொல்லப்படவில்லை என்பதோ அவளுக்கே தெரியாது. அவள் திருப்தியாகவே வீடு போவாள்!

நர்சம்மாக்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கூட்டம் பெரிது, கைகள் சில. கடமை அவர்களோடு முடிவதுமில்லை. தேவமாதா எலிசபெத்தம்மாளை நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் கூடவே தங்கினாள். கணவனும் மாமியாரும் பரிசோதனைக்குக் கூடப் போகட்டும். துணையில்லாதவளோடு அண்டை வீட்டுக்காரி போகட்டும். அவள் கேட்கக் கூச்சப்படுவதை அவர்கள் கேட்கட்டும்.

இனி நம் வீட்டுக் கர்ப்பிணி திரும்பி வரும்போது, “திருப்தியா?” என்று கேட்டு நிறுத்த வேண்டாம். “உனக்கு என்ன சொன்னார்கள்? எதைக் கண்டால் உடனே வரச் சொன்னார்கள்?” என்று கேட்போம். அவள் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால், மறுநாளே அவளோடு புறப்படுவோம்.