ஆலங்கட்டியும் நினைவும்

புனே நகரின் ஏரவாடாவில் பனி பொழிவதில்லை. ஆனால் பருவமழைக்கு முன், கோடை இடியுடன் எப்போதாவது ஆலங்கட்டி விழுவதுண்டு. மேல்நோக்கி விரையும் காற்று நீர்த்துளிகளை உறைநிலைக்கும் மேலான உயரத்திற்குக் கொண்டுசெல்கிறது. அவை அங்கே உறைந்து, பருத்து, காற்றால் தாங்க இயலாத கனம் பெற்றதும் விழுகின்றன. அதனைப் பாத்திரத்தில் பொறுக்கியதும், உள்ளங்கையில் அது கரைந்ததும் இளமை நினைவுகளில் ஆனந்தமாகவே தங்கிவிடுகின்றன.

2014 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மகாராஷ்டிரத்தில் பெய்த ஆலங்கட்டி மழையோ, கோதுமை, திராட்சை முதலிய பயிர்களைப் பெருமளவில் அழித்தது. அன்றும் எங்கோ ஒரு குழந்தை பனிக்கட்டியைக் கையிலேந்தி மகிழ்ந்திருக்கும். அந்த மகிழ்ச்சி பொய்யா?

பொய்யன்று. குழந்தை கண்டது உண்மையே. ஆயினும் அது முழு உண்மையன்று. நினைவு என்பது முன் அனுபவத்தின் ஸம்ஸ்காரத்திலிருந்து மட்டுமே எழுவது. நாம் அனுபவிக்காததை அது எங்ஙனம் தரும்? நியாய தரிசனம் நினைவைப் பிரமாணமாக ஏற்பதில்லை. நம்பத்தக்கவரின் சொல்லையோ பிரமாணமாக ஏற்கிறது. இந்த வேறுபாடு தர்க்க நூலோடு நின்றுவிடுவதன்று. நம் நினைவில் இல்லாத துயரை, அதனைப் பட்டவர் சொல்லியே நாம் அறிய வேண்டும். விவசாயியின் சொல் குழந்தையின் ஆனந்தத்தைப் பறிப்பதில்லை. அதன் எல்லையைக் காட்டுகிறது.

அடுத்த முறை ஆலங்கட்டி கூரையைத் தட்டும்போது குழந்தையை வாசலுக்கு அழைத்துச் செல்வோம். மாலையில், வயல்கள் என்னவாயின என்பதையும் அதற்குச் சொல்வோம்.