சுருக்கிய பின் எஞ்சுவது

இராசபாளையத்துப் பள்ளியொன்றில் கணித ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட வினா இன்றும் என்னை விட்டு அகலவில்லை. கரும்பலகையில் 12/16 என்னும் பின்னத்தை எழுதி, தொகுதியையும் பகுதியையும் நான்கால் வகுத்து, 3/4 எனச் சுருக்கிக் காட்டியிருந்தேன். அவள் எழுந்து நின்று, "சார், அந்த நாலு எங்க போச்சு?" என்றாள். வகுப்பு சிரித்தது. "எங்கும் போகவில்லையம்மா; மேலும் கீழும் அடிபட்டுவிட்டது" என்று கூறி அவளை அமரச் செய்தேன். விடை தவறன்று, ஆயினும் முழு விடையும் அன்று. அதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

சுருக்குதல் என்பதுதான் யாது? எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள திருவில்லிபுத்தூரில் பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா கிண்டுகிறார்கள். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. அங்கே நீர் ஆவியாகிப் போகிறது; சர்க்கரை வந்து சேருகிறது; அடுப்பில் ஏற்றியது ஒன்று, இறக்கியது வேறொன்று. பின்னத்தைச் சுருக்குதல் அத்தகையதன்று. அங்கே போவதும் இல்லை, வருவதும் இல்லை. மேலே எந்த எண்ணால் வகுக்கிறோமோ, அதே எண்ணால் கீழேயும் வகுக்கிறோம். உருவம் சிறுக்கிறது, மதிப்பு மாறுவதில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நம் மக்களின் பேச்சும் இவ்வாறே சுருங்கி நிற்பது. முக்கால் என்போமே அன்றி, எட்டில் ஆறு என்று யாரும் சொல்வதில்லை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் எண்சுவடி கொண்டு இவற்றை மனப்பாடம் செய்தார்கள். முந்நூற்று இருபதில் ஒரு பங்குக்கும் தனிப்பெயர் இட்டு வைத்த மரபு நம்முடையது. மிகச் சிறிய பங்கும் கணக்கில் வரவேண்டும் என்ற கருத்து அம்மரபில் இருந்ததென்றே எண்ணுகிறேன்.

பெரிய எண்களைச் சுருக்குவதற்குக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் கி.மு. 300 அளவில் ஒரு வழியை எழுதி வைத்தார். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 84/126 என்ற பின்னத்தை எடுத்துக்கொள்வோம். 126இலிருந்து 84ஐக் கழித்தால் 42. 84இலிருந்து 42ஐக் கழித்தால் மீண்டும் 42. இரண்டும் சமமாகிவிட்டன, ஆகவே 42தான் மீப்பெரு பொதுக்காரணி. அதனால் வகுத்தால் 2/3 கிடைக்கிறது. இதற்கு மேல் இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவாக வகுக்கத்தக்கது ஒன்றைத் தவிர வேறில்லை. கழிக்கத்தக்கதையெல்லாம் கழித்த பின்னும் எஞ்சி நிற்பதே அப்பின்னத்தின் உண்மை உருவம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 16/64 என்னும் பின்னத்தில், மேலேயும் கீழேயும் ஆறு இருக்கிறதே என்று இரண்டு ஆறுகளையும் அடித்துவிடும் மாணவனுக்கு 1/4 கிடைக்கும். விடை சரிதான்! ஆனால் அதே முறையில் அவன் 12/24இல் உள்ள இரண்டுகளை அடித்தால், அரைக்குப் பதிலாகக் கால் என்று எழுதுவான். தற்செயலாகச் சரியான விடை வந்தமையால் வழி நேராகிவிடாது. அத்தகைய விடைத்தாள்களில் நான் மதிப்பெண் கொடுத்ததில்லை. பிறர் தாளில் இவ்வளவு கண்டிப்பாக இருந்த நான், என் வீட்டுக் கணக்கில் எவ்வாறு இருந்தேன் என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

1994ஆம் ஆண்டு என் தந்தையார் உயில் எழுதாமல் இறந்தார். மேற்கே மலையடிவாரத்தில் 6 ஏக்கர் மாந்தோப்பு இருந்தது. தாயார், ஓர் அக்காள், ஆண்மக்கள் மூவர். கிறித்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், இத்தகைய நிலையில் மூன்றில் ஒரு பங்கை மனைவிக்கும், எஞ்சிய இரு பங்கை ஆண் பெண் வேறுபாடின்றி மக்களுக்குச் சமமாகவும் அளிக்கிறது. ஆகவே மக்களில் ஒவ்வொருவருக்கும் 2/12, சுருக்கினால் 1/6, நிலமாகச் சொன்னால் ஒரு ஏக்கர்.

ஆயினும் நாங்கள் அவ்வாறு பிரிக்கவில்லை. "அவளுக்குத்தான் கலியாணத்தின்போது நகையும் சீர்செனத்தியும் செய்தாயிற்றே, கணக்கு நேராகிவிட்டது" என்று உறவினர் சொன்னார்கள். நாங்களும் அதை ஏற்றோம். நகையின் மதிப்பையும் நிலத்தின் மதிப்பையும் யாரும் தாளில் எழுதிப் பார்க்கவில்லை. ஒருகால் அது நேராகவே இருந்திருக்கலாம். இருந்திருந்தாலும், அது 16/64இல் ஆறை அடித்த கணக்கே. அக்காள் திருவில்லிபுத்தூருக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் இட்டார். திரும்பும் வழியில் தாமே பால்கோவா வாங்கித் தம்பியர் மூவர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். அதை உண்ட நாவுக்கு அன்று கசப்பு ஏதும் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பின், பேத்திக்குப் பின்னம் கற்பிக்க ஒரு பாகப்பிரிவினைக் கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டேன். எழுதிய பின்னரே அது எங்கள் வீட்டுக் கணக்கு என்பது உறைத்தது. அக்காளை நீக்கினால், இரு பங்கு மூவருக்குப் பிரிகிறது, ஆளுக்கு 2/9. இதைச் சுருக்கிப் பார் என்றேன். "சுருங்காது தாத்தா" என்றாள் பேத்தி. உண்மைதான். இரண்டும் ஒன்பதும் சார்பகா எண்கள். எவ்வளவு தூய்மையான பின்னம்! அதைப் பார்ப்பவர் யாருக்கும், அங்கே நான்காவதாக ஒருவர் இருந்தார் என்பதே தெரியாது.

பிறகு, பிரிவுக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டைக் கண்டேன். 2/9இலிருந்து 1/6ஐக் கழித்தால், அதாவது 4/18இலிருந்து 3/18ஐக் கழித்தால், 1/18. பதினெட்டில் ஒன்று! ஒரு தம்பிக்கு இவ்வளவுதானா மிகுதி என்று மனம் ஆறுதல் தேடியது. சிறிய பங்குக்கு உள்ள தீமை இதுவே. பலர் பங்கிட்டுக்கொண்ட தவறு எவர் கையிலும் கனப்பதில்லை. ஆனால் மூவருடையதையும் கூட்டினால் 3/18. இப்போது சுருக்கிப் பாருங்கள்: 1/6. அக்காளின் பங்கு முழுவதும் அங்கே நிற்கிறது. நாங்கள் மறைத்து வைத்ததைச் சுருக்குதல் வெளியே கொண்டுவந்தது.

இது எங்கள் குடும்பத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. திருவிதாங்கூர்க் கிறித்தவர்களுக்கான பழைய வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி இறந்த தந்தையின் சொத்தில், மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே மகளுக்கு விதித்திருந்தது. மேரி ராய் என்னும் கேரளப் பெண்மணி தொடுத்த வழக்கில், 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது எனவும், 1925ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் எனவும் தீர்ப்பளித்தது. சட்டம் அவ்வாறு நேராகி எட்டு ஆண்டுகள் கழித்தே எங்கள் வீட்டில் அந்தக் கையொப்பம் வாங்கப்பட்டது. ஏட்டில் உள்ள நீதியைக் கூடத்தில் உள்ளவர்கள் அன்பின் பெயராலேயே அழித்துவிட முடியும்.

மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரும் ஏழைக் கைம்பெண்ணை நாம் அறிவோம். செல்வர்கள் இட்ட காணிக்கையில் தொகுதி பெரிது. அதன் கீழே மறைந்திருந்த பகுதியோ அதனினும் மிகப் பெரிது. அவள் இட்டவை இரண்டு காசுகள். அவளிடம் இருந்தவையும் இரண்டே. 2/2 என்பதைச் சுருக்கினால் ஒன்று, முழுமை. ஆண்டவர் கொடுத்ததை மட்டும் எண்ணவில்லை. எதிலிருந்து கொடுத்தாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தார். நாமோ பெரும்பாலும் மேலே உள்ள எண்ணை மட்டும் படிக்கிறோம். அக்காளுக்கு என்ன கொடுத்தோம் என்பதை ஊருக்குச் சொன்னோம். எவ்வளவிலிருந்து கொடுத்தோம் என்பதைச் சொல்லவில்லை.

என் மிகுதி 6 ஏக்கரில் பதினெட்டில் ஒன்று; 33 சென்ட்டும், அதன்மேல் மூன்றில் ஒரு சென்ட்டும். அதைத் திருப்பி எழுதிக் கொடுப்பதாக அக்காளிடம் சென்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "இத்தனை வருசம் கழிச்சு எதுக்குத் தம்பி?" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்த ஓரத்து மரம் ரெண்டும் இன்னும் இருக்கா?" என்று கேட்டார். வேண்டாம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. மற்ற இரு தம்பியரிடமும் நான் இன்னும் பேசவில்லை. பேசும் துணிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாணவி எங்கிருந்தாலும் அவளுக்கு இன்று நான் சொல்லும் விடை இது. அம்மா, மேலும் கீழும் ஒரே எண்ணால் வகுத்தால், அடிபட்டது எங்கும் போகவில்லை. அதைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஆளை நீக்கிவிட்டு எழுதிய கணக்கில், நீக்கப்பட்டவர் எங்கே போனார் என்று கேட்டுக்கொண்டே இரு. வகுப்பு சிரித்தாலும் உட்கார்ந்துவிடாதே.