பழங்காசும் முகமறியா அயலானும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிச் சில மைல் சென்றால் அக்குறணைக் கடைத்தெரு வரும். முஸ்லிம் சகோதரர்கள் பெரும்பான்மையாய் வாழும் வணிக ஊர் அது. அந்தத் தெருவில் ஒரு பொருளை வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தபின் குறை தெரிந்தால், மறுநாளே அதைக் கொண்டுபோய் அதே மேசையில் வைக்கலாம். முதலாளி முகத்தைச் சுளிப்பார், ஆனாலும் கேட்பார். கடை எங்கும் ஓடிப்போய்விடாது; வாங்கியவரும் அடுத்த பெருநாளுக்கோ அடுத்த நத்தாருக்கோ மறுபடியும் வரவேண்டியவர். வாணிகத்தில் உள்ள நேர்மையில் பாதியை இந்த முகப்பழக்கமே காப்பாற்றி வந்தது என்றால் மிகையாகாது. மறுபாதி மனச்சாட்சியின் வேலை.

அந்த முதற்பாதி கழன்றுவிட்ட ஒரு வாணிகம் இப்பொழுது நம் வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டால், அக்குறணையில் இருக்கும் பொருளை மாத்தறையில் இருப்பவரும் கேட்பார், மஸ்கற்றில் இருப்பவரும் கேட்பார். விற்பவருக்கு வாங்குபவரின் முகம் தெரியாது; வாங்குபவருக்கு விற்பவரின் முகம் தெரியாது. பழைய மேசை, பழைய மிதிவண்டி என்றால் பெரிய மோசமில்லை. பழங்காசு என்றால் கதை வேறு. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு வில்லை. அதன் பெறுமதியை ஒருவர் அறிந்திருப்பார், மற்றவர் அறிந்திருக்கமாட்டார். இப்படி அறிவும் அறியாமையும் பேரம் பேசும் இடத்தில் நீதி என்பது என்ன? இந்தக் கேள்வியைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பாட்டியின் தகரப் பெட்டியைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். மலைநாட்டுக் குடும்பம் ஒன்றில் என்னென்ன இருக்கலாம்? ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலையும் மறுபக்கம் பனை போன்ற மரமும் பொறித்த, 1870ஆம் ஆண்டிட்ட செப்புச் சதங்கள் இருக்கலாம். ரூபாயும் சதமும் என்ற கணக்கு 1872இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தபோது புழங்கத் தொடங்கியவை அவை. ஒரு தோலா எடையுள்ள இந்திய வெள்ளி ரூபாய்கள் இருக்கலாம். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைக்கென்று தனி வெள்ளி ரூபாய் அடிக்கப்படாததால் இந்திய ரூபாயே இங்கும் செல்லுபடியானது. 1957இல் புத்த ஜயந்திக்காக வெளியான ஐந்து ரூபாய் வெள்ளி நாணயம் இருக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால், கோப்பிக் காலத்தில் சில கம்பனிகள் கூலிக்கு அடையாளமாகத் தம் ஆட்களுக்குக் கொடுத்த வில்லை ஒன்றும் கிடைக்கலாம். நம் முன்னோரின் வியர்வைக்கு ஈடாய்க் கொடுக்கப்பட்ட அந்தத் துண்டு உலோகத்தை இன்று சேகரிப்போர் போட்டி போட்டு வாங்குகிறார்கள். எந்தத் துண்டு எவ்வளவு பெறும் என்பது வெள்ளியின் எடையில் மட்டும் இல்லை. ஆண்டு, அரிது, எழுத்துத் தேயாமை, மேற்பரப்பின் பழைய நிறம் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் விலை.

வீட்டிலுள்ள வாலிபன் இவற்றைப் படம் பிடித்து விற்கப் போடுகிறான். தாய்க்குப் பயம். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2021 ஓகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே ஓர் எச்சரிக்கை விடவேண்டி வந்தது. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கித் தருவதாக, விற்றுத் தருவதாகச் சொல்லி, வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டி, கட்டணம் என்றும் தரகு என்றும் வரி என்றும் மக்களிடம் பணம் கறக்கும் கூட்டத்தைக் குறித்தது அது. காசு விற்கப் போனவன் காசு கட்டிவிட்டு வருகிறான்! வாங்குபவர் பணம் தரவேண்டிய இடத்தில் விற்பவரிடம் பணம் கேட்டால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுவதே புத்தி.

இன்னும் சில தந்திரங்கள் உண்டு. வங்கியில் பணம் போட்டதாகச் சீட்டின் படத்தை மட்டும் அனுப்புவார்கள். கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பார்கள். உங்கள் தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைச் சொல்லச் சொல்வார்கள். ஆகவே கணக்கில் பணம் சேர்ந்ததா என்பதை வங்கியிலேயே உறுதிப்படுத்திய பின்தான் காசு கைமாற வேண்டும். வாங்க வருகிறவரை வீட்டுக்கு அழைக்காமல் வங்கிக்கு அழைப்பது நல்லது. தனியே போகாமல் ஒரு பெரியவரைக் கூட்டிப்போக வேண்டும். பெட்டியில் இன்னும் எத்தனை இருக்கிறது என்பதை ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. எடை, இரு பக்கப் படம், விலை எல்லாம் எழுதி இருவரும் கையொப்பம் வைத்த பற்றுச்சீட்டு ஒன்று இருக்கட்டும். இவை சாதாரண விவேகம். விவேகமும் ஒரு புண்ணியம். தலையாய நான்கு புண்ணியங்களில் முதலாவதாகத் திருச்சபை அதை எண்ணுகிறது.

ஆனால் ஆண்டவர் தம் சீடரை அனுப்பும்போது பாம்பின் விவேகத்தோடு புறாவின் கபடின்மையையும் சேர்த்தல்லவா கேட்டார்! மேலே சொன்ன எச்சரிக்கைகள் யாவும் அந்நியனிடமிருந்து என்னைக் காப்பவை. என்னிடமிருந்து அந்த அந்நியனைக் காப்பது எது? அவனுக்கும் நான் முகமறியாதவன்தானே. அவனுடைய தாயும் இதே நேரத்தில் இதே பயத்தோடு இருக்கலாம் என்று நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

காசு விற்பவன் செய்யக்கூடிய களவுகள் நுட்பமானவை. நகையாய்க் கோக்கப்பட்ட காசின் துளையை ஈயம் வைத்து அடைத்து, அந்தப் பக்கத்தை நிழலில் வைத்துப் படம் பிடிக்கலாம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, 'புதுசு மாதிரி' என்று எழுதலாம். தேய்த்துக் கழுவிய காசின் மதிப்பு சேகரிப்போர் நடுவில் வெகுவாகக் குறையும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தும் சொல்லமாட்டான். அச்சில் வார்த்த போலியைத் தனக்கே யாரோ தலையில் கட்டியிருப்பார்கள். அதை இன்னொருவர் தலையில் கட்டலாம். இவற்றுள் மிக நாகரிகமான பொய் ஒன்று உண்டு: "எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, இருக்கிறபடி விற்கிறேன்." உண்மையிலேயே தெரியாதவர் இப்படிச் சொன்னால் அது நேர்மை. தெரிந்தவர் சொன்னால் அது பொய்ச்சாட்சி.

1274இல் இறந்த புனித தோமஸ் அக்குவினாஸ், தமது இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில் 77ஆம் வினாவை விற்றல் வாங்கலில் நிகழும் ஏமாற்றுக்கே ஒதுக்கியிருக்கிறார். விற்பவன் தன் பொருளின் குறையைச் சொல்லியே தீரவேண்டுமா என்று அங்கே கேட்கிறார். ஒற்றைக்கண் குதிரையை எடுத்துக்கொள்கிறார். கண் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். அதற்கேற்ப விலையையும் குறைத்திருந்தால் விற்பவன் வாய் திறக்க வேண்டியதில்லை. வாங்குபவனுக்கு நட்டமோ ஆபத்தோ வருவிக்கும் மறைவான குறையானால், சொல்லாமல் விற்பது அநீதி. இந்த வேறுபாடு நமக்கு மிகவும் உதவும். சந்தையில் குதிரையைச் சுற்றிவந்து பார்க்கலாம். படத்தில் சுற்றிவர முடியாது. எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பது முழுக்க முழுக்க விற்பவன் கையில். ஆகவே கடைத்தெருவில் வெளிப்படையான குறையாயிருந்தது, இணையத்தில் மறைவான குறையாகிவிடுகிறது. அதோடு, சொல்லவேண்டிய கடமையும் கூடுகிறது. தூரம் கடமையைக் குறைக்கும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, கணக்கு நேர்மாறாக அல்லவா வருகிறது!

அக்குறணை வணிகர்களின் மார்க்கத்திலும் இதே போதனை உண்டு. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்க, உள்ளே ஈரமாயிருந்ததாம். மழையில் நனைந்துவிட்டது என்றான் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டித்ததாக ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. துளை அடைத்த பக்கத்தை முதல் படமாகப் போடுவது, நனைந்த தானியத்தை மேலே வைப்பதற்குச் சமம்.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். பல வேளைகளில் ஏமாறுகிறவர் விற்பவரே. வாங்க வருகிறவர் பத்து வருடம் நாணய நூல்களைப் படித்தவர். விற்பவளோ மருந்துச் செலவுக்காகப் பெட்டியைத் திறந்த ஒரு விதவை. அவள் ஆயிரம் ரூபாய் கேட்கிறாள். அவருக்குத் தெரியும், அது அதைப்போல் முப்பது மடங்கு பெறும். அவள் கேட்டதைத்தானே கொடுத்தேன், பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று அவர் சொல்லலாம். இதற்கும் அக்குவினாஸ் விடை வைத்திருக்கிறார். பொன்னைப் பித்தளை என்றெண்ணி ஒருவன் விற்க, அறிந்துகொண்டே வாங்கினவன் அநியாயமாய் வாங்கினான். அவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன். பிறருடைய அறியாமையையோ நெருக்கடியையோ பயன்படுத்தி விலையை ஏற்றுவதை, 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் ஏழாம் கட்டளைக்கு எதிரான பாவங்களோடு சேர்த்தே சொல்கிறது. விலையை இறக்குவதற்கும் அதே நியாயம்தான் என்பது என் கருத்து. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் மட்டும் இது தீராது. பணம் திரும்பிப் போகவேண்டும்.

இங்கே சில வாசகர்கள் மடக்கக்கூடும். மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், நிலத்தில் புதைந்த பொக்கிஷத்தைக் கண்டவன் அதை மறைத்துவிட்டு, தனக்குள்ளதையெல்லாம் விற்று, அந்த நிலத்தை வாங்கினானே. நிலத்துக்காரனிடம் ஒரு வார்த்தை சொன்னானா? நல்ல கேள்வி. உவமையின் நோக்கம் அவனுடைய மகிழ்ச்சியும், எல்லாவற்றையும் கைவிடத் துணிந்த அவன் மனமும்தான். லூக்கா 16ஆம் அதிகாரத்தின் அநீதியான காரியஸ்தனை ஆண்டவர் எடுத்துக்காட்டியதனால் பொய்க்கணக்கு எழுதுவது நியாயமாகிவிடாது என்று வழக்கமாக விடை சொல்வார்கள். சரியான விடைதான். ஆயினும் பொக்கிஷம் கண்டவன் தன்னிடமிருந்த அனைத்தையும் இழந்தே அந்நிலத்தைப் பெற்றான் என்பதையும் கவனிக்க வேண்டும். விதவையின் காசை வாங்குபவர் அப்படி எதையும் இழப்பதில்லை.

அப்படியானால் வியாபாரி லாபமே எடுக்கக்கூடாதா? எடுக்கலாம். படித்த படிப்பு, அலைந்த அலைச்சல், போலியை வாங்கிக் கைசுட்டுக்கொள்ளும் அபாயம், விற்கும்வரை முடங்கிக் கிடக்கும் முதல் ஆகிய இவற்றுக்கெல்லாம் கூலி உண்டு. உழைப்புக்கு ஊதியமாய் வரும் அளவான லாபத்தை அக்குவினாஸும் ஒப்புக்கொள்கிறார். எவ்வளவு என்பதுதான் சங்கடம். அதற்கு விழுக்காடு எதுவும் எழுதிவைக்க முடியாது. வாங்கிய விலையையும் விற்கப்போகும் விலையையும் அந்த விதவைக்கு முன்பாக வைத்துச் சொல்ல நா எழுமா என்று அவர் தம்மைத்தாமே கேட்டுப் பார்க்கட்டும்.

புனித அகுஸ்தினார் திரித்துவம் பற்றிய தமது நூலின் 13ஆம் புத்தகத்தில் ஒரு வேடிக்கை சொல்கிறார். மக்கள் எல்லோரும் மனதில் எதை விரும்புகிறார்கள் என்று குறித்த ஒரு நாளில் சொல்லப்போவதாக ஒரு கூத்தாடி அறிவித்தானாம். கூட்டம் திரண்டது. மலிவாய் வாங்கவும் கூடிய விலைக்கு விற்கவும் விரும்புகிறீர்கள் என்றான், எல்லோரும் கைதட்டினார்கள். அகுஸ்தினார் அதோடு விடவில்லை. தமக்குத் தெரிந்த ஒரு மனிதரைப் பற்றியும் எழுதுகிறார். கையெழுத்துப் புத்தகம் ஒன்றை, அதன் மதிப்பு அறியாத ஒருவன் மிகச் சொற்ப விலைக்கு விற்க வந்தான். வாங்கியவர் அவன் எதிர்பாராதபடி நியாயமான முழு விலையையும் கொடுத்தார். கூத்தாடி எல்லோரும் என்று சொன்னது தவறு என்று காட்டவே இதை எழுதினார்.

முகம் தெரியாதவரை ஏமாற்ற ஏன் நமக்கு இவ்வளவு எளிதாக இருக்கிறது? அவர் நமக்கு ஒரு பெயராகவும் ஒரு சிறு படமாகவும் மட்டுமே இருப்பதால்தான். பெயரைப் பார்த்ததும் இனமும் மதமும் தெரிந்துவிடுகிறது. 'இவர்கள் எல்லாம் இப்படித்தான்' என்ற பழைய பாட்டும் தொடங்கிவிடுகிறது. 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் வன்செயல் மூண்டபோது, கைத்தொலைபேசி வழியே பரவிய வெறுப்பை அடக்க அரசாங்கம் முகநூலையே சில நாட்கள் தடைசெய்ததை நம் பக்கத்து மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நியனை மனிதனாய்க் காணாத அதே கண், பெரிய அளவில் கடையைக் கொளுத்துகிறது. சிறிய அளவில் போலிக் காசை அனுப்புகிறது. என் அயலான் யார் என்று நியாயசாஸ்திரி கேட்டபோது ஆண்டவர் காட்டிய ஆளும், வழியில் வந்த ஓர் அந்நியன்தான்.

இன்னும் ஒன்று. பெட்டியில் உள்ள எல்லாக் காசும் விற்கத் தக்கதல்ல. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது; நாணயங்களும் அதில் அடங்கும். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் நாள் அது. யாழ்ப்பாண மன்னரின் சேதுக் காசோ, கண்டியில் புழங்கிய வளைந்த வெள்ளிக் கம்பிக் காசோ தோட்டம் கொத்தும்போது கிடைத்தால், அது கண்டெடுத்தவரின் சொத்து அல்ல. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. புதையல் தோண்டுவோர் நாடெங்கும் பிடிபடும் காலத்தில் இதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

தகரப் பெட்டிக்கே மீண்டும் வருவோம். பாட்டிக்குப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்திருக்கலாம். பெட்டி மட்டும் கடைசி மகனின் வீட்டில் தங்கிவிட்டது. பேரன் அதை விற்றுப் புதுத் தொலைபேசி வாங்குகிறான். மாத்தளையில் இருக்கும் பெரியம்மாவுக்கும் வத்தேகமையில் இருக்கும் அத்தைக்கும் அது பத்து வருடம் கழித்துத் தெரியவந்து, திருமண வீட்டில் வெடிக்கிறது. இணையத்தில் உள்ள அந்நியனைப் பற்றி இத்தனை பேசினோம். படம் பிடிப்பதற்கு முன் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? அந்த வெள்ளி ரூபாயில் ஒன்றை விற்காமல் வைத்துக்கொள்ள அவர் விரும்பலாம். ஒருவேளை அது யாருடைய கூலிப் பணம், எந்தத் தோட்டத்தில், எந்தப் பஞ்சத்தில் செலவழிக்காமல் சேர்த்து வைத்தது என்பதும் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.