ராவிலதான் மீன் படும்

மட்டக்களப்பு வாவிக்கரை, ஞாயிறு மாலை. கல்லடிப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, கவிழ்த்துப் போட்ட ஒரு தோணியின் மேல் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற மெதடிஸ்த போதகர். மற்றவன் பிரசங்கம் பண்ணப் பழகிவரும் இளைஞன்.

சீடன்: ஐயா, இனி நான் பிரசங்கம் பண்ணமாட்டேன்.

குரு: காலையில் என்ன நடந்தது?

சீடன்: லூக்கா ஐந்தாம் அதிகாரம் எடுத்தேன். பேதுரு இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் படவில்லை. வேளை தெரியாமல் பாடுபட்டால் வெறுங்கைதான் என்று சொன்னேன். ஆராதனை முடிந்து வெளியே வர, மீன் விற்கிற அக்கா எல்லோருக்கும் முன்னால் மறித்துவிட்டா. “தம்பி, ராவிலதான் மீன் படும். எங்கட அப்பப்பா நூல்வலை போட்ட காலத்தில ஆர் பகல்ல போட்டது? வெளிச்சத்தில மீன் வலையக் கண்டு விலகிரும்” என்றா. நின்றவர்கள் சிரித்தார்கள். நாலு நாள் இருந்து எழுதிய பிரசங்கம், ஐயா.

குரு: சிரித்தது நோகத்தான் செய்யும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அவ சொன்னது சரியா?

சீடன்: தெரியாது. நன்றி அக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

குரு: கதவைச் சாத்துகிற நன்றி. நானும் நிறையச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவ சொன்னதை வைத்துக்கொண்டு அதே இடத்தைத் திரும்ப வாசி. பேதுரு சரியான வேளையில்தான் கெனேசரேத்தில் இறங்கியிருக்கிறான். விடிந்துவிட்டது. தூக்கமில்லாத கண்ணோடு வலையை அலசிக்கொண்டு நிற்கிறான். அந்த நேரம் நாசரேத்துத் தச்சர் ஒருவர் வந்து, ஆழத்தில் கொண்டுபோய்ப் போடு என்கிறார். பட்டப்பகல்! தொழில் தெரிந்த எவன் கேட்பான்? பேதுரு, இரவெல்லாம் போட்டோம், ஒன்றுமில்லை என்று தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னான். சொல்லிவிட்டும் வலையை எடுத்தான். காலையில் நீ பேசியிருக்க வேண்டியது அதைத்தான். அந்த அக்கா உன் பிரசங்கத்தைக் கெடுக்கவில்லை மனே. அதில் இல்லாத உயிரைக் கொண்டுவந்து தந்திருக்கிறா.

சீடன்: நான் பேதுருவை வேளை தெரியாதவனாக்கிவிட்டேன்.

குரு: வலை பிடிக்காத கைக்கு அப்படித்தான் தெரியும். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டை நினைத்துப் பார். 1814இல் இந்த ஊருக்கு வந்தார். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். படிப்பிக்க வந்தவர் இங்கே தமிழ் படிக்க உட்காரவேண்டியிருந்தது. 1815 ஏப்ரல் 1இல் இறந்துபோனார். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி.

சீடன்: ஆனால் ஐயா, ‘தாழ்மையாய்க் கற்றுக்கொள்’ என்பதையே சாட்டையாக எடுக்கிறவர்களும் சபைகளில் இருக்கிறார்கள். ஒரு கேள்வி கேட்டால், உனக்குக் கற்கும் மனம் இல்லை என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதா?

குரு: கூடாது. பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிப் பார்த்தார்கள். வேதம் அவர்களை மெச்சித்தான் பேசுகிறது. அந்தியோகியாவில் பவுல் அதே பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்தார். பேதுரு மூத்தவர், ஆண்டவரோடு நடந்தவர். அவருடைய பெயரில் உள்ள இரண்டாம் நிருபமோ பவுலைப் பிரியமான சகோதரன் என்கிறது. கீழே இருப்பவனிடம் மட்டும் கேட்கிற தாழ்மையை நான் நம்புவதில்லை. மேலே இருப்பவனுக்குத்தான் அது கூடுதலாக வேண்டும். அவனுக்குப் பிழையை எடுத்துச் சொல்ல ஆட்கள் குறைவு.

சீடன்: உங்களுக்கு ஆராவது சொல்லியிருக்கிறார்களா?

குரு: ஓம். 30 வருடத்துக்கு முந்தி, படுவான்கரையில் ஒரு வீடு. நோயாளிக்கு ஜெபிக்கப் போனேன். நீளமாக ஜெபிப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பாதியில் அவருடைய மகள், சின்னப் பிள்ளை, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “ஐயா, கெதியா முடியுங்கோ, அப்பாக்குத் தண்ணி வேணும்.” நான் முடிக்கவில்லை. ஆமென் சொல்லிக் கண் திறந்தபோதுதான், அவர் பார்வை செம்பின் மேலேயே கிடந்ததைக் கண்டேன். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பிள்ளை எனக்குச் சொல்வதா என்று அடுத்த கிழமை போகாமல் விட்டேன். அதற்கடுத்த கிழமை அடக்க ஆராதனைக்குத்தான் போனேன். அந்தப் பிள்ளை என்னிடம் ஒன்றும் பேசவில்லை. இன்றைக்கும் நோயாளி வீட்டுக்குப் போனால், தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட பிறகுதான் வேதப்புத்தகத்தைத் திறப்பேன். அவள் படிப்பித்தது. அவளிடம் அதை நான் சொல்லவேயில்லை.

(இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பாலத்தின் கீழே ஒரு தோணி போகிறது.)

சீடன்: இந்த இடத்தில்தானே பாடும்மீன் கேட்கும் என்கிறார்கள்?

குரு: நிலாக் காலத்தில். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். தோணியை ஓட்டுகிற அதே துடுப்புத்தான், ஆனால் ஓட்டிக்கொண்டே கேட்க முடியாது. 1848இல் எமர்சன் டெனன்ட் இங்கே வந்தார், இலங்கை அரசாங்கத்தில் தேசாதிபதிக்கு அடுத்த பதவி அவருக்கு. இந்தச் சத்தத்தைப் பற்றி மீன்பிடிகாரரிடம்தான் விசாரித்தார். அவர்களோடு தோணியில் போய், மரப்பலகையில் காதை வைத்துக் கேட்டு, அதை எழுதியும் வைத்தார்.

சீடன்: நாளைக்கு விடியச் சந்தைக்குப் போகிறேன், ஐயா. அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்க.

குரு: மன்னிப்பைப் பிறகு கேள். முதலில் வலையைப் பற்றிக் கேள். எந்த வலை, எந்த நேரம், எந்த மீன் என்று அவ சொல்லட்டும். வியாபார நேரத்தில் போகாதே, மீன் விற்று முடிந்த பிறகு போ.

சீடன்: அடுத்த முறை அதே அதிகாரத்தை எடுக்கலாமா?

குரு: எடு. போன முறை பிழையாகச் சொன்னேன், இவவிடம் கேட்டுத் திருத்திக்கொண்டேன் என்று சொல்.

சீடன்: பெயரும் சொல்லவா?

குரு: அவவிடமே கேட்டுவிட்டுச் சொல்.