மன உறுதி முதலா, மருந்து முதலா

"மனசு வைத்தால் விட முடியாதா?" ஹெராயின் ஊசி போடுபவரிடம் நாம் கேட்கும் கேள்வி இது. அவருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் கேள்வி தீர்ப்பாகிவிடுகிறது: முதலில் போதையை விடட்டும், பிறகு மாத்திரை கொடுக்கலாம், இப்போது கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார். மன உறுதியை மருந்துக்கு முன்பே காட்டவேண்டிய தகுதியாக்குகிறது இந்தத் தீர்ப்பு. அது தவறு என்பது என் துணிபு. ஹெராயினின் தாக்கம் இறங்கிய சில மணி நேரத்திலேயே வலியும் வாந்தியும் நடுக்கமும் தொடங்கிவிடும். அவருடைய காலம் அடுத்த ஊசி வரைதான் நீளும். எச்.ஐ.வி. மாத்திரையின் பலனோ மாதங்களுக்கும் வருடங்களுக்கும் அப்பால் இருக்கிறது. நாளை என்பதே இல்லாதவரிடம் நாளைக்கான உறுதியை எப்படிக் கேட்பது? ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவர்கள் தரும் மெத்தடோன், ஒரு வேளை எடுத்தால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். அந்த நாளில்தான் உறுதி முளைக்க இடம் கிடைக்கிறது.

2016இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மெத்தடோன் போன்ற மாற்று மருந்து பெறுவோர் எச்.ஐ.வி. மருந்தை விடாமல் எடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே உறுதி உள்ளவர்கள்தானே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் 2014இல் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டபோது, அங்கே மாற்று மருந்து பெற்றுவந்த சுமார் 800 பேருக்கு அது நிறுத்தப்பட்டது. ரஷ்யச் சட்டத்தில் மெத்தடோனுக்கு இடமில்லை. பலர் தெருப் போதைக்குத் திரும்பினார்கள், சிலர் இறந்தார்கள். அதே மனிதர்கள், பறிபோனது மருந்து.

ஒரு அடிமைத்தனத்தை விட்டு இன்னொன்றில் விழுவதுதானே இது என்பது மறுப்புகளில் வலுவானது, குறிப்பாகத் துறவையும் புலனடக்கத்தையும் போற்றும் மரபில் வந்த நமக்கு. மெத்தடோனைச் சார்ந்திருப்பது உண்மைதான். ஆனால் அடிமைத்தனத்தின் கொடுமை சார்ந்திருப்பதில் இல்லை. வாழ்நாளையே அது விழுங்கிவிடுவதில் இருக்கிறது. அளவாகத் தரப்படும் மெத்தடோன் விழுங்கப்பட்ட நாளைத் திருப்பித் தருகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் என நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறது. நாம் நோயாளியை மட்டும் கூண்டில் ஏற்றுகிறோம். ஓர் எடுத்துக்காட்டு: எஃபாவிரென்ஸ், நெவிரபின் ஆகிய எச்.ஐ.வி. மருந்துகள் மெத்தடோனை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். பழைய நடுக்கம் திரும்பும். பயந்துபோய் அவர் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்துவார். ஒழுங்கற்றவர் என்று அவர் பெயருக்கு எதிரே எழுதுகிறோம். மெத்தடோன் அளவை உயர்த்தியிருக்க வேண்டியவர் மருத்துவர்.